மூவர் பெயர் தாங்கிய கால்வாய்

கன்னியாகுமரி மாவட்டத்து இனயத்தில் கடல் இரைச்சலுக்கு முதுகு காட்டிக்கொண்டு ஊருக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சிறு பாலம் வரும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தால் தண்ணீர் தெரியாது. ஆகாயத்தாமரைதான் தெரியும். அதன் மேல் ஒற்றைச் செருப்பு, காய்ந்த தென்னை மட்டை, கிழிந்த வலைத்துண்டு, நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன். எதுவும் மூழ்குவதில்லை, எதுவும் நகர்வதுமில்லை. போன மாதம் நான் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு கொக்கு அந்த இலைகளின் மேல் கால் வைத்து இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்தே போயிற்று. இறக்கையை ஒருமுறைகூட விரிக்கவில்லை.

வள்ளம் போக வெட்டிய நீர்வழியைப் பறவை நடந்து கடக்கும்படி ஆக்கி வைப்பது லேசான காரியம் அல்ல. நூற்றறுபது ஆண்டுக்கு மேல் பலர் கைமாற்றிக் கைமாற்றிக் காத்து வந்த விஷயம் அது. அவர்களை யாரும் முறையாகப் பாராட்டவில்லை. நான் பாராட்டுகிறேன்.

முதலில் பெயர் வைத்தவர்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். ஊரில் ஏ.வி.எம். என்றால் போதும். அனந்தன் என்பது திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்டிருக்கும் பத்மநாபசுவாமி. விக்டோரியா, லண்டனில் இருந்த மகாராணி. மார்த்தாண்டம், திருவிதாங்கூரை ஆண்ட உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. தெய்வத்தை முன்னால் நிறுத்தி, மகாராணியை நடுவில் வைத்து, தன்னைக் கடைசியில் வைத்துக்கொண்ட மன்னரின் அடக்கம் பெரியது. வரிசை கச்சிதமாக இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவன், கூடை சுமந்தவள் என்று யாருடைய பெயரும் இடையில் புகுந்து அந்த வரிசையைக் கலைக்கவில்லை.

வேலை தொடங்கியது 1860-இல். அதே ஆண்டில் மன்னர் காலமானார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாக ஒரே நீர்வழி என்பது திட்டம். இந்த யோசனையை மனதாரப் புகழ்கிறேன், ஒரு சொல்லும் பாக்கி வைக்காமல். எங்கள் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அன்றைக்குக் கரையோரம் சாலை என்று சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் மணல். இனயம் புத்தன்துறைப் பக்கம் சிவப்புத் தேரி, கரைப் பக்கம் வெள்ளை மணல், நடுநடுவே கருமணல் பட்டை. மாட்டுவண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். கடல் வழியாகப் போகலாம் என்றால் ஆனி, ஆடியில் கடல் யாரையும் உள்ளே விடாது. ஆகவே அலைக்குப் பின்னால், தென்னைகளுக்கு இடையே, வருடம் முழுக்க அமைதியாகக் கிடக்கும் ஒரு தண்ணீர்ப் பாதை. தேங்காயும் கயிறும் உப்பும் கருவாடும் கருப்பட்டியும் அதில் போகட்டும் என்று நினைத்தார்கள். மணல் நாட்டுக்கு ஒரு நெடுஞ்சாலை, அதுவும் தண்ணீரால் ஆனது.

என் பாட்டி அதில் வள்ளம் போனதைப் பார்த்தவள். தேங்காய் மட்டையான கதம்பையை ஊறப்போட்டு, அடித்து, சவுரி நார் எடுத்து வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. “கதம்ப ஏத்திட்டு வள்ளம் வரும் மக்கா, கழுக்கோல் ஊனுற சத்தம் ராத்திரி படுத்துக் கெடந்தா கேக்கும்” என்பாள். ஊறின கதம்பையின் வாடை ஊரெல்லாம் வீசும் என்றும், அந்த வாடை வந்தால் அடுப்பு எரியும் என்று அர்த்தம் என்றும் சொல்லுவாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கை தேங்காய் மட்டை மாதிரியே இருக்கும். கால்வாய் என்று நான் சொல்லும்போது என் நினைவுக்கு வருவது மன்னரோ மகாராணியோ இல்லை, அந்தக் கைதான்.

பூவாரிலிருந்து கிழக்கே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். தேங்காய்ப்பட்டணம், இனயம், மிடாலம், குளச்சல் என்று கடந்து மண்டைக்காட்டுப் பக்கம் வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. கன்னியாகுமரியை அது இன்றுவரை பார்க்கவில்லை.

நிறுத்தியது மணல் என்பார்கள். மணலைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது தன் வேலையைச் செய்தது. களிமண்ணில் சுவர் மாதிரி நேராக வெட்டினால் வெட்டியபடி நிற்கும். மணலில் அப்படி நிற்காது. ஈரம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்கும், காய்ந்ததும் சரியும். சரிந்து சரிந்து தனக்குப் பிடித்த சாய்வுக்கு வந்த பிறகுதான் ஓயும். அதற்குள் வாய்க்காலின் பாதி ஆழம் போயிருக்கும். மேலே காற்று வேறு. கைதைப் புதரையும் புன்னையையும் வெட்டிவிட்ட இடத்தில் ஒரு பருவக்காற்று போதும், வெட்டிக் கொட்டிய மணலை எடுத்துத் திரும்ப உள்ளேயே போட்டுவிடும். ஆறுகள் கடலில் விழும் பொழிமுகம் இன்னொரு சிக்கல். கோடையில் ஆற்றில் வரத்துக் குறையும்போது அலை மணலைத் தள்ளிப் பொழியை அடைத்துவிடும். மழையில் ஆறு பெருகி வந்து உடைத்துக்கொண்டு போகும். நெய்யாறும் குழித்துறை ஆறும் வள்ளியாறும் ஆண்டுதோறும் இப்படித்தான். கால்வாய் இவற்றின் குறுக்கே போக வேண்டும் என்றால் கரை கட்ட வேண்டும், செடி நட வேண்டும், மதகு வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வருடாவருடம் தூர் எடுக்க வேண்டும். மணலில் கால்வாய் வெட்டுவது கல்யாணம் என்றால், தூர் எடுப்பதுதான் குடித்தனம். கல்யாணத்தைச் சிறப்பாக நடத்தினார்கள்.

அவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதே சமஸ்தானம்தான் திருவனந்தபுரத்துக்கு வடக்கே நீர்வழியை வர்க்கலை வரை கொண்டுபோய், அங்கே குன்று குறுக்கிட்டபோது குன்றையே குடைந்தது. இரண்டு சுரங்கங்கள். வேலை 1880-இல் முடிந்தது. வடக்கே மலை வழிவிட்டது, தெற்கே மணல் வழிவிடவில்லை. கருவூலம் எந்தத் திசையைப் பார்த்துத் திறந்திருந்தது என்பதை அந்த இரண்டு வேலைகளும் எழுத்துக் கூட்டிச் சொல்கின்றன. தெற்கே நாங்கள் பேசியது தமிழ்.

பிறகு வந்தவர்களின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். திருவிதாங்கூர் போய் 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. எல்லை மாறியது, கொடி மாறியது, கோப்புகளின் மொழி மாறியது. கால்வாயை மட்டும் எந்த அரசும் பெற்றுக்கொண்ட நிலையிலிருந்து ஒரு சாண்கூட முன்னால் நகர்த்தவில்லை. முன்னோர் விட்டுப் போனதைத் தொடாமல் வைத்திருப்பது ஒரு மரியாதை. அந்த மரியாதையை எல்லாக் கட்சிக்காரர்களும் சமமாகச் செய்திருக்கிறார்கள்.

உலகத்தில் வேறு இடங்களில் இத்தனை பொறுமை கிடையாது. அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு பாலைவன மாநிலம். அங்கே கீலா ஆற்றின் குறுக்கே 1921-இல் கில்லெஸ்பி அணையைக் கட்டி முடித்தார்கள். பாலைவனத்தின் ஊடே போன நெடுஞ்சாலைக்கு ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. கார்கள் அணையின் அடியில் போட்டிருந்த கான்கிரீட் தளத்தின் மேல், வழிந்து வரும் தண்ணீரில் நனைந்துகொண்டே கடந்தன. தண்ணீர் கூடினால் லாரியைக் கட்டி இழுத்துக் கரை சேர்ப்பார்கள். இந்தக் கூத்தை அவர்களால் ஆறு வருடம்தான் பொறுக்க முடிந்தது. 1927-இல் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டித் திறந்துவிட்டார்கள். 1993 வெள்ளத்தில் அணை உடைந்தது. பாலம் நின்றது. பெரிய நெடுஞ்சாலை வேறு வழியே போன பிறகும் அந்தப் பழைய பாலத்தைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள், இன்றும் வண்டி போகிறது. ஆறு வருடத்தில் பொறுமை இழந்த அவர்கள் எங்கே, 1860-லிருந்து பொறுத்திருக்கும் நம்மவர்கள் எங்கே.

2016-இல் நாடாளுமன்றம் தேசிய நீர்வழிகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஏற்கெனவே இருந்த ஐந்தோடு 106 சேர்த்து நாடு முழுவதும் 111 தேசிய நீர்வழிகள். கங்கை எண் 1. பிரம்மபுத்திரா எண் 2. எங்கள் ஏ.வி.எம். கால்வாய்க்கு எண் 13. செய்தியைப் படித்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். பாட்டி உயிரோடு இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். கங்கையோடு ஒரே பட்டியலில் நம் கதம்பைத் தண்ணீர்!

பிறகு அட்டவணையைப் பார்த்தேன். பூவார் கடற்கரை முதல் இரயுமன்துறை கடற்கரை வரை. நீளம் 11 கிலோமீட்டர்.

எவ்வளவு துல்லியமான அளவு. இரயுமன்துறை குழித்துறை ஆற்றின் மேற்குக் கரை. ஆற்றைத் தாண்டினால் தேங்காய்ப்பட்டணம், அதைத் தாண்டி முள்ளூர்துறை, ராமன்துறை, இனயம் புத்தன்துறை, இனயம். வெட்டிய கால்வாய் ஆற்றுக்குக் கிழக்கேயும் இருக்கிறது. சட்டம் ஆற்றங்கரைக்கு வந்து, தண்ணீரைப் பார்த்து, நின்றுவிட்டது. நீர்வழிக்கான சட்டம் ஆற்றைக் கடக்கவில்லை. அந்த 11 கிலோமீட்டரில் மட்டும் என்ன நடந்தது என்றால், நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை மக்கள் ஒரு பக்கம் கடலரிப்பையும் மறு பக்கம் கொசுவையும் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். சட்டம் வந்த அடுத்த ஆண்டு ஒக்கிப் புயல் வந்தது. அந்த ஊர்கள் எத்தனை ஆண்களை இழந்தன என்பதைத் தமிழ்நாடே அறியும்.

எண் 13 வந்த அதே 2016-ஆம் ஆண்டு ஜூலையில், இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஏறக்குறைய 27,500 கோடி ரூபாய்த் திட்டம். கண்டெய்னர் கப்பல் நிற்க இடம் தேடியவர்களின் கண்ணுக்கு இனயம் பளிச்சென்று தெரிந்தது. வள்ளம் போக வழி தேடியவர்களின் கண்ணுக்கு அதே இனயம் தெரியவில்லை. ஆறே மாதத்துக்குள் ஒரே அரசின் இரண்டு பார்வை. மீனவர்கள் கரையிறங்கிப் போராடினார்கள். ஊர் ஊராக, பங்கு பங்காகத் திரண்டார்கள். பிறகு திட்டத்தைக் கன்னியாகுமரிப் பக்கத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் இடையே நகர்த்தினார்கள், அங்கேயும் எதிர்ப்பு. இரண்டு இடத்திலும் துறைமுகம் வரவில்லை. 27,500 கோடியில் ஒரு கோடியைக் கேட்டு இந்தக் கால்வாய் எந்தக் கதவையும் தட்டியதில்லை.

நான் தட்டினேன். மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறிய ஒரு வருடம், தூர் எடுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கால்வாய் எங்களுடையது அல்ல என்றார்கள், இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே, தண்ணீர் எங்களுடையது, கரை வேறொருவருடையது என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர் மிகவும் நல்லவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், மனுவை முழுதும் படித்தார், எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினார், திருத்திக் கொண்டுவரச் சொன்னார். திருத்திக்கொண்டு போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். என் மனு நடந்த தூரம் தேசிய நீர்வழி எண் 13-ஐவிட நீளம்.

அரசை மட்டும் புகழ்ந்துவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது ஓரவஞ்சனை. கால்வாய்க்கரை அளவுக்கல்லை மெல்ல மெல்லத் தள்ளி நட்ட கைகள் திருவனந்தபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வரவில்லை. கல்யாண வீட்டு இலையும், கோழிக்கடைக் கழிவும், குழந்தையின் டயப்பரும் பாலத்தில் வண்டியை மெதுவாக்கி வீசுகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். குப்பையை எங்கே போடுகிறாய் என்று கேட்டால், “அங்கோட்டு, கால்வாயில” என்று கொஞ்சமும் கூசாமல் பதில் வருகிறது. மன்னர் ஆட்சி முடிக்காமல் விட்டதை நாம் முடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் கொஞ்சம் கொட்டினால் பாலமே தேவைப்படாது.

இதற்கு மேல் புகழ எனக்கு வாய் வரவில்லை. கொட்டில்பாட்டைச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கள் மாவட்டத்தில் சுனாமியில் சுமார் 800 பேர் போனார்கள். குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் அதிகம் அடிபட்டன. மணக்குடியில் பழையாற்றுப் பாலத்தையே அலை பெயர்த்து எறிந்தது. கொட்டில்பாட்டில் கடல் வருவதைக் கண்டவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பின்பக்கமாக ஓடினார்கள். ஓடியவர்களின் முன்னால் குறுக்கே கிடந்தது ஏ.வி.எம். கால்வாய். தாண்ட வழியில்லை. பின்னால் அலை, முன்னால் கால்வாய். பலர் அதற்குள் விழுந்து இறந்தார்கள். கடலிலே பிறந்து கடலிலே வளர்ந்த சனம், முடிக்காமல் விட்ட ஒரு வாய்க்காலில் செத்தது.

அதே நாளில் வடக்கே சென்னைப் பக்கமும் ஆந்திரக் கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய் என்ன செய்தது என்று பாருங்கள். அதுவும் கடலுக்கு இணையாக ஓடும் வெட்டுக்கால்வாய்தான், மொத்தம் 420 கிலோமீட்டர். 1806-இல் தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினிச் சனங்களைக் கொண்டு நீட்டியது. ஏறிவந்த கடல்நீரைப் பல இடங்களில் அது வாங்கி, இருபக்கமும் பகிர்ந்து, திருப்பிக் கடலுக்கே அனுப்பிவிட்டது. கால்வாய்க்கு அந்தப்புறம் இருந்த குடியிருப்புகள் தப்பின. சென்னைக்குள் அதன் கதியும் சாக்கடைதான் என்பது வேறு கதை. ஆனால் இரண்டு கால்வாய்களுக்கும் உள்ள வித்தியாசம் அன்று உயிர்க்கணக்கில் தெரிந்தது. ஆழமும் அகலமும் ஓட்டமும் உள்ள கால்வாய் கடலை வாங்கிக்கொள்ளும். தூர்ந்த கால்வாய் மனிதர்களை வாங்கிக்கொள்ளும்.

கேரளத்தில் கோவளம் முதல் பேக்கல் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீர்வழியைத் தூர்வாரி, அகலப்படுத்தி, திரும்ப உயிர்ப்பிக்கும் வேலை நடக்கிறது. 1860-இல் திட்டம் போட்டவர்கள் கோவளத்தைத் தாண்டிக் கன்னியாகுமரி வரைக்கும் ஒரே கோடாக வரைந்தார்கள். கோவளத்துக்கு வடக்கே படகு விடப் போகிறார்கள். தெற்கே மிச்சக் கோடு எங்களிடம் இருக்கிறது. கன்னியாகுமரி வரை வெட்டச் சொல்லி நாங்கள் இன்று கேட்கவில்லை, கப்பலும் கேட்கவில்லை. இருப்பதைத் தூர் எடுங்கள், கரையில் கைதையும் புன்னையும் திரும்ப நடுங்கள், கடற்கரை ஊர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓடுகிற கூட்டம் நெரியாமல் கடக்க அகலமான பாலம் போடுங்கள். ஒரு கதம்பை வள்ளம் போகுமளவுக்குத் தண்ணீர் நகர்ந்தால் போதும்.

ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் அதிகாரிகளும் தலைவர்களும் வருகிறார்கள். கல்லறையில் மாலை வைக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், எங்களோடு சேர்ந்து நிற்கிறார்கள். அதற்கு நாங்கள் நன்றி சொல்கிறோம். அடுத்த முறை வரும்போது, மெழுகுவர்த்தி ஏற்றிய கையோடு, அன்று அவர்கள் ஓடிய வழியிலேயே ஊருக்குப் பின்னால் கால்வாய்க்கரை வரைக்கும் ஒருமுறை நடந்து வாருங்கள். அதிக தூரம் இல்லை.